தாடையில் ஒரு கருநிழல்

பல்வரிசை கோணலாக இருக்கிறது, கிளிப் போட வேண்டும் என்று பதினான்கு வயதுப் பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். முகத்தைச் சுற்றிவந்து இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது. கீழ்த்தாடையில், கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கடியில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கருநிழல் தெரிகிறது. பிள்ளைக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, எதைக் கடித்தாலும் தொந்தரவு இல்லை. தாடை எலும்பில் வரும் அரிய நீர்க்கட்டிகள் பலவும் இப்படித்தான், வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகக் கண்ணில் படுகின்றன. ‘தாடைக்குள் கட்டி’ என்ற பேச்சு வீட்டுக்குள் நுழைந்தவுடன் எழும் கேள்வி ‘ஆபரேஷன் எப்போது?’ என்பது. அந்தக் கேள்விக்கு அவசரமே இல்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ‘இது என்ன?’ என்பது. அதற்கு விடை தெரியாமல் செய்யும் சிகிச்சை, ஒன்று தேவையில்லாததாக இருக்கும். அல்லது போதாததாக இருக்கும். சில வேளை உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். தாடைக் கட்டிகளைப் பொறுத்தவரை, கண்டுபிடிப்பதில் செலவழிக்கும் நாட்கள் வீணாகும் நாட்கள் அல்ல, சிகிச்சையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது என்பது என் வாதம்.

உடம்பில் இருநூற்றுச் சொச்சம் எலும்புகள் இருக்கும்போது தாடையில் மட்டும் ஏன் இத்தனை வகைக் கட்டிகள்? காரணம் பல். கருவில் பல் உருவாகும்போது வாயின் மேல்தோலிலிருந்து ஒரு மடிப்பு உள்ளே இறங்கித் தாடைக்குள் புகுகிறது. பல் முளைத்த பிறகும் அந்தத் தோல் செல்களின் மிச்சம் மீதி எலும்புக்குள்ளும் வேர்களைச் சுற்றியும் தங்கிவிடுகிறது. தொடை எலும்பிலோ கை எலும்பிலோ இப்படித் தோல் செல்கள் புதைந்திருப்பதில்லை. பல் சொத்தையால் கிளம்பும் அழற்சியோ, மரபணுவில் ஏற்படும் மாற்றமோ இவற்றைத் தூண்டிவிட்டால் அவை பெருகிப் பையாகி, உள்ளே நீர் கோத்து, சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துக்கொண்டு வளர்கின்றன. தாடையில் காணும் நீர்க்கட்டிகளில் பாதிக்கு மேல், செத்த பல்லின் வேர்நுனியில் உண்டாகும் சாதாரண வகை. அதற்கு ரூட் கெனால் செய்தாலோ பல்லை எடுத்துக் கட்டியை நீக்கினாலோ போதும். சிக்கல் எங்கே என்றால், இந்தச் சாதாரணக் கட்டியும், தோல் உறையே இல்லாத அரிய எலும்புக் கட்டிகளும், கட்டியே அல்லாத இயல்பான குழியும், இரத்தக்குழாய்ப் பின்னலும், இன்னும் மூர்க்கமாகப் பரவும் புற்றுகளும்கூட எக்ஸ்ரேயில் ஒரே மாதிரிக் கருப்பாகத்தான் விழுகின்றன. எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் படம் அதிகம் சொல்வதில்லை. அதுவும் முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்த பிறகுதான் சொல்லும்.

ஆகவே முதல் பரிசோதனை மிக எளியது: கருநிழலுக்கு மேலே நிற்கும் பற்களுக்கு உயிர் இருக்கிறதா? குளிரூட்டிய பஞ்சை வைத்தோ, லேசான மின் துடிப்பைச் செலுத்தியோ சில நிமிடங்களில் இதைப் பார்த்துவிடலாம். பல் கூசினால் அதற்கு உயிர் இருக்கிறது, ஆகவே அந்த நிழல் பல்லால் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று பொருள். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால், நல்ல நிலையில் இருந்த பற்களுக்கு வீணாக ரூட் கெனால் செய்ததும், அவற்றைப் பிடுங்கியதும் உலகெங்கும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அதிலும் ‘எளிய எலும்புக் கட்டி’ எனப்படும் அரிய வகைக்கு இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

அந்த எளிய எலும்புக் கட்டியை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1929இல் லூகாஸ் என்பவர் தாடையில் இதை முதன்முதலில் விவரித்தார். 1946இல் ரஷ்டன் இதற்கு இலக்கணம் வகுத்தார்: ஒரே அறையாக இருக்க வேண்டும், உள்ளே தோல் உறை இருக்கக் கூடாது, சீழ்பிடித்த அறிகுறி இருக்கக் கூடாது, உள்ளே இருப்பது பெரும்பாலும் நீராகவே இருக்க வேண்டும், சுவர் கெட்டியான எலும்பாக இருக்க வேண்டும். பத்திலிருந்து இருபது வயதுக்குள் கீழ்த்தாடையின் பின்பகுதியில் மிகுதியாகக் காணப்படுகிறது. எக்ஸ்ரேயில் இதன் மேல்விளிம்பு பல் வேர்களுக்கிடையே மேலெழும்பி வளைந்து வளைந்து போகும், வேர்கள் நகர்ந்திருக்காது. அறுவை செய்பவர் எலும்பில் சிறு சன்னல் வெட்டி உள்ளே பார்த்தால், பல நேரம் ஒன்றுமே இருக்காது. சில சமயம் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் நீர் இருக்கும், சில சமயம் கொஞ்சம் இரத்தம். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அந்தக் குழிக்குள் மூடாக்கில்லாமல் கிடப்பதும் உண்டு. சுவரை மெல்லச் சுரண்டினால் இரத்தம் கசிந்து குழியை நிரப்பும். அந்த இரத்தம் உறைந்து, உறைந்ததற்குள் புது எலும்பு வளரும். தைத்து மூடிவிட்டால் அதுவே சிகிச்சை. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குழி தூர்ந்துவிடுகிறது. அடிபட்டு எலும்புக்குள் இரத்தம் கட்டியதால் வந்தது என்ற நம்பிக்கையில் இதை ‘அடிபட்ட கட்டி’ என்று நெடுநாள் அழைத்தார்கள். ஆனால் நோயாளிகளில் பலருக்கு அடிபட்ட நினைவே கிடையாது. தாடையில் அடிபடுவோரில் பையன்கள் அதிகம் என்றாலும், இந்தக் கட்டி பெண்பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே அளவில் வருகிறது. ‘சின்ன வயதில் விழுந்தானே, அப்போதே பார்க்காமல் விட்டுவிட்டோமே’ என்று பெற்றோர் தங்களை நொந்துகொள்ள ஆதாரம் எதுவும் இல்லை.

இன்னொரு நுட்பம்: இந்தக் கட்டியில் பரிசோதனைக்கு அனுப்பக் கிடைப்பது சில எலும்புத் துணுக்குகளும் மெல்லிய சவ்வின் கிழிசல்களும்தான். நுண்ணோக்கியின் கீழ் அவற்றை மட்டும் பார்க்கும் பெத்தாலஜிஸ்ட் திட்டவட்டமாக எதையும் சொல்ல முடியாது. ‘உள்ளே வெறுமையாக இருந்தது, உறை இல்லை’ என்று அறுவை செய்தவர் எழுதி அனுப்பும் குறிப்பும், அதோடு எக்ஸ்ரேயும் சேர்ந்தால்தான் நோய்க்குப் பெயர் வைக்க முடியும். மூன்று துறையினர் ஒருவரோடொருவர் பேசாமல் இந்த நோயை உறுதிசெய்ய இயலாது. நம் ஊரில் திசுவை ஒரு சிறு புட்டியில் போட்டு, ‘தாடைக் கட்டி’ என்று ஒற்றை வரி எழுதி, நோயாளியின் சொந்தக்காரர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறதே, அது மாற வேண்டும்.

படத்தை ஒழுங்காகப் படித்தாலே சிகிச்சை தேவையில்லை என்று தெரிந்துவிடும் ஒரு நிலையும் உண்டு. 1942இல் எட்வர்ட் ஸ்டாஃப்னே எக்ஸ்ரேக்களில் கண்ட 35 நிழல்களை வைத்து விவரித்தது அது. கீழ்த்தாடையின் கோணத்தருகே, நரம்பு ஓடும் கால்வாய்க்குக் கீழே, தெளிவான விளிம்போடு முட்டை வடிவில் ஒரு கருநிழல் தெரியும். அது எலும்பின் உள்பக்கத்தில் இருக்கும் வெறும் பள்ளம். அதில் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியின் ஒரு பகுதி பதிந்திருக்கும். ஐயம் இருந்தால் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து உள்பக்கம் திறந்திருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. இதைக் கட்டி என்று நினைத்துத் தாடையைத் திறப்பது நோயில்லாதவருக்கு அறுவை செய்வதாகும்.

எதிர்முனையில் நிற்பது இரத்தம். தாடைக்குள் இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் பிறவிக் கோளாறும் எக்ஸ்ரேயில் நீர்க்கட்டி போலவே தெரியலாம். அதன் மேலிருக்கும் பல் ஆடுகிறதே என்று பிடுங்கியதால் இரத்தம் நிற்காமல் உயிர் போன நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் உண்டு. அதனால்தான் தாடையிலுள்ள எந்தக் கருநிழலையும் திறப்பதற்கு முன் மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த ஊசியொன்றைச் செலுத்தி உறிஞ்சிப் பார்க்க வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் வற்புறுத்துகின்றன. மினுமினுக்கும் துகள்களோடு வைக்கோல் நிற நீர் வந்தால் பல் சார்ந்த கட்டியாக இருக்கலாம். தயிர்த்திரள் போல வெளுத்த கூழ் வந்தால் கெரட்டோசிஸ்ட் என்ற வகையை நினைக்க வேண்டும். காற்று மட்டும் வந்தால் வெறுங்குழியாகவோ, மேல்தாடையில் சைனஸாகவோ இருக்கலாம். செக்கச்செவேலென்ற இரத்தம் பிஸ்டனைத் தானே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு ஏறினால் அத்தோடு நிறுத்திவிட்டு, இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை இது. இதைத் தவிர்ப்பதற்கு எந்தச் சாக்கும் ஏற்கத்தக்கதல்ல.

இரத்தம் வரும் கட்டிகளில் இன்னொன்று ‘அனூரிஸ்மல்’ எலும்புக் கட்டி. ஜாஃபே, லிச்டென்ஸ்டைன் இருவரும் 1942இல் இதைத் தனி நோயாக இனங்கண்டார்கள். தாடையில் 1958இல் பெர்னியரும் பாஸ்கரும் விவரித்தார்கள். உடம்பில் வரும் இவ்வகைக் கட்டிகளில் நூற்றில் இரண்டு அளவுக்குத்தான் தாடையில் வருகின்றன. முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கே மிகுதி. சில வாரங்களிலேயே கன்னம் ஒருபக்கம் வீங்கிப்போகும், பற்கள் இடம் பெயரும். பார்ப்பவர் புற்றுநோய் என்றே பயப்படுவார். திறந்தால் இரத்தத்தில் ஊறிய ஸ்பாஞ்ச் போலிருக்கும். நெடுங்காலமாக, எலும்புக்குள் இரத்த ஓட்டம் கோளாறாவதால் வரும் எதிர்வினை என்று எண்ணப்பட்ட இந்தக் கட்டியில் யு.எஸ்.பி.6 என்ற மரபணு இடம் மாறியிருப்பது 2004இல் தெரியவந்தது. தானாகத் தோன்றும் இவ்வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை உண்மையில் தீங்கற்ற புற்று வளர்ச்சிகள் என்று அதன்பின் புரிந்தது. வேறொரு எலும்பு நோயின் மேல் இரண்டாவதாக ஏறிக்கொள்ளும் வகையும் உண்டு. அதில் இந்த மரபணு மாற்றம் இருப்பதில்லை. அப்போது சிகிச்சை அடியிலிருக்கும் நோய்க்குத்தான். ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை மட்டும் கிள்ளிப் பார்த்தால் அடியிலிருப்பது தப்பிவிடும். எடுத்த திசு முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். சிறிய கட்டியானால் நன்றாகச் சுரண்டி எடுப்பது போதும். பெரிதானால் இரத்தம் கொண்டுவரும் குழாயை முதல்நாளே உள்ளிருந்து அடைத்துவிட்டு அறுவை செய்கிறார்கள்.

இரத்தப் பரிசோதனை ஒன்றும் இந்த வரிசையில் சேர வேண்டும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, தாடையில் கட்டி போன்ற கருநிழல்கள் விழும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கும் இது நேரும். அப்போது மருந்து கழுத்திலோ சிறுநீரகத்திலோ இருக்கிறது, தாடையில் இல்லை. சுரப்பிக்குச் சரியான சிகிச்சை கிடைத்தால் தாடை பெரும்பாலும் தானாகத் தேறிவிடும். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளைப் பார்க்காமல் தாடையைச் சுரண்டினால் கட்டி திரும்பத் திரும்ப வரும், காரணமும் புரியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘எதுவானாலும் கட்டி கட்டிதானே, மொத்தமாக வெட்டி எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, பிறகு லேப் என்ன சொன்னால் என்ன?’ இதற்குச் சரியான பதில் கெரட்டோசிஸ்ட். 1956இல் பிலிப்சன் பெயரிட்ட இந்தக் கட்டியின் உறை மெல்லிய காகிதம் போன்றது, எடுக்கும்போது கிழியும். சுற்றிலும் குட்டிக் கட்டிகளை விட்டுவைத்திருக்கும். தாடையைப் புடைக்க வைக்காமல் எலும்பின் நீளவாக்கில் ஊர்ந்து போகும் என்பதால், தெரியவரும்போது பாதித் தாடையைப் பிடித்திருக்கும். வெறுமனே உரித்தெடுத்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மீண்டும் வருகிறது. இதன் போக்கைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதைத் தீங்கற்ற புற்று வளர்ச்சிகளின் பட்டியலுக்கு மாற்றியது. 2017இல் மறுபடி நீர்க்கட்டிகளின் பட்டியலுக்கே கொண்டுவந்தது. நிபுணர்களையே இப்படி இழுபறியில் வைத்த கட்டியை, என்னவென்று அறியாமல் சாதாரணக் கட்டி மாதிரி எடுத்தால் போதாமல் போகும். பயந்துபோய்த் தாடையையே அறுத்தெடுத்தால் மிகையாகிவிடும். பதினாறு வயதில் தாடையின் ஒரு பகுதியை இழப்பது என்பது பற்கள், கடி, முகவாகு, உதட்டின் உணர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்து இழப்பது.

நடுவழி ஒன்று இருக்கிறது, மிகப் பழையது. ப்ரெஸ்லாவ் நகரத்து அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ச் 1892இல் முன்வைத்தது அது. கட்டியில் ஒரு வாசல் வெட்டி, அது மூடிக்கொள்ளாதபடி சிறு குழாயைத் தைத்துவைப்பார்கள். நோயாளி தினமும் சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து அந்தக் குழாய் வழியே உள்ளே பீய்ச்சிக் கழுவ வேண்டும். உள்ளழுத்தம் போய்விடுவதால் கட்டி சுருங்கும்; ஓரங்களிலிருந்து எலும்பு வளர்ந்து வரும்; ஒதுங்கிக் கிடந்த நரம்பு, பல் ஆகியவற்றுக்கும் கட்டிக்கும் இடையில் பாதுகாப்பான இடைவெளி உண்டாகும். பல மாதங்கள் கழித்து, சிறியதாகிவிட்ட மிச்சத்தை எடுப்பார்கள். பொறுமை கேட்கிற சிகிச்சைதான். வாயில் குழாயோடு பள்ளிக்கூடம் போவது ஒரு பிள்ளைக்குச் சுலபமல்ல. கழுவத் தவறினால் சீழ்பிடிக்கும், பாதியில் வராமல் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. ஆனாலும் வளர்கிற தாடையைக் காப்பாற்ற இதைவிட மென்மையான வழி இன்னும் வரவில்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்னர், உள்ளே இருப்பது அமெலோபிளாஸ்டோமா அல்ல என்று திசுப் பரிசோதனை உறுதிசெய்தாக வேண்டும். நீர்க்கட்டி வேடத்தில் வரும் அந்தப் புற்று வளர்ச்சியில் சில வகைகளுக்கு எலும்பை வெட்டியெடுப்பதே தகும். கெரட்டோசிஸ்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 1960இல் கார்லினும் கோல்ட்ஸும் விவரித்த பரம்பரைக் கோளாறின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். வெள்ளையருக்கு அந்தக் கோளாறு தோல் புற்றுகளாக வெளிப்படும். கருநிறத் தோலில் அவை குறைவு என்பதால், நம்மவர்க்குத் தாடைக் கட்டியே முன்னறிவிப்பாகிவிடும். குடும்பத்தில் மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு நம் வீடுகளில் அடிக்கடி கேட்பது: ‘கத்தி பட்டால் பரவிவிடும், கிள்ளிப் பார்க்கவே கூடாது.’ பயாப்ஸி செய்த பிறகு சிலருக்கு நோய் மோசமானதைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். அந்த நோய் பயாப்ஸிக்கு முன்பே முற்றியிருந்தது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. தாடையின் நீர்க்கட்டிகளில் ஒரு துணுக்கை எடுப்பதால் அவை உடலெங்கும் பரவுவதில்லை. மாறாக, எடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து: சுரப்பி செல்களைக் கொண்ட ஓர் அரிய கட்டி இருக்கிறது. நுண்ணோக்கியிலேயே உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயின் ஒரு வகையோடு அது குழம்பக்கூடியது. திசுவை எடுக்காமல் அதையும் இதையும் எப்படிப் பிரிப்பது?

‘தாமதம் ஆகாதா, செலவு ஆகாதா’ என்ற மறுப்பில் நியாயம் உண்டு. வேகமாக வளரும் வீக்கம், கீழுதடு மரத்துப்போவது, சீழ், காய்ச்சல் இவை இருந்தால் நாள் தள்ளக் கூடாது. இவை இல்லாத கட்டிகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வளர்பவை. சோதனைகளுக்கான இரண்டு மூன்று வாரத்தில் எதுவும் கைமீறிப் போவதில்லை. செலவைப் பொறுத்தவரை, பல்லின் உயிர்ச் சோதனையும் ஊசியால் உறிஞ்சுவதும் ஏறக்குறைய காசே கேட்காதவை. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, அறுவை, வாய்த் திசுப் பரிசோதனை மூன்றுக்கும் தனித்தனித் துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி அப்படிப்பட்ட இடம். இரண்டாவது முறை செய்ய நேரும் அறுவையைவிட இதெல்லாம் மலிவு.

என் வாதத்துக்கு உண்மையிலேயே சங்கடம் தருவது எளிய எலும்புக் கட்டிதான். ‘முதலில் கண்டுபிடி, பிறகு திற’ என்கிறேன். ஆனால் இந்தக் கட்டியைத் திறந்தால்தான் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியும். தானாகவே தூர்ந்துபோன சில நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. அப்படியானால் திறக்காமலே விடலாமே? வயது, இடம், வேர்களுக்கிடையே வளையும் விளிம்பு, உயிருள்ள பற்கள் எல்லாம் பொருந்தி, நிழல் சிறியதாகவும் இருந்தால், சில மாத இடைவெளியில் படமெடுத்துக் கவனிப்பது தவறில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கெரட்டோசிஸ்டும் இளவயதில் இதே இடத்தில் இதே உருவில் வரக்கூடும் என்பதால், பெரிதாக இருந்தாலோ வளர்ந்தாலோ திறந்து பார்ப்பதே நல்லது. அதுவரை செய்த சோதனைகள் அப்போதும் வீண்போகாது. உறிஞ்சிப் பார்த்துவிட்டதால் பயமின்றித் திறக்கலாம், பற்களுக்கு உயிர் இருப்பது தெரிந்துவிட்டதால் ஒன்றையும் பிடுங்காமல் திறக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இப்படியொரு நிழல் தெரிந்தால், மேலிருக்கும் பற்களைச் சோதித்தாயிற்றா, ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பீர்களா, எடுத்த திசு முழுவதையும் எக்ஸ்ரேயோடும் குறிப்போடும் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று மருத்துவரைக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பெத்தாலஜி அறிக்கையின் நகலையும் எல்லா எக்ஸ்ரேக்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். கெரட்டோசிஸ்ட் பத்து வருடம் கழித்தும் திரும்பி வருவதுண்டு, அன்றைய மருத்துவருக்கு அந்த உறைதான் உதவும். அடுத்த எக்ஸ்ரேக்கான தேதியை, அறுவை முடிந்து வீடு திரும்பும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அந்தத் தேதியில் வலி இல்லாவிட்டாலும் தவறாமல் போய்வாருங்கள்.